மூன்று சாசனங்களிலும் இருக்கும் வரி

என்னங்க,

உங்கள் கண்ணாடியும் ரத்த அழுத்த மாத்திரையும் இதோடு வருகின்றன. கடிதத்தைப் போலீஸ்காரர்கள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார்களாம். அதனால் கல்லூரி விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

பரீட்சைக்கு வழக்கமான கேள்விதான்: மக்களின் உரிமைகளுக்கு உறுதி தரும் மூன்று சாசனங்களை ஒப்பிடுக. ஒன்று அரசன் வேண்டாவெறுப்பாக முத்திரையிட்டது, ஒன்று புரட்சி செய்தவர்கள் எழுதியது, மூன்றாவது நம்முடையது. யாரையும் சும்மா பிடித்து அடைத்துவிடக் கூடாது என்பது மூன்றிலும் உண்டு.

நேற்று காவல் நிலையத்தில் இதையே சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எழுந்து நின்றார்.

"மேடம், என்னைத் தெரியலையா? கடைசி பெஞ்சு. தூங்குமூஞ்சின்னு திட்டுவீங்களே!"

"என் வீட்டுக்காரரை எதுக்குப்பா கூட்டிட்டு வந்தீங்க? அதையாவது சொல்லு."

"மூணுலயுமே 'சட்டம் அனுமதித்தால் ஒழிய'ன்னு ஒரு வரி வருமே மேடம். நீங்கதானே அடிக்கோடு போடச் சொன்னீங்க?"

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அவர் சொன்னது சரியான விடை. வகுப்பில் என்றால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து மூன்றையும் விரித்து வைத்துப் பார்த்தேன். அந்த வரி இருக்கத்தான் செய்கிறது. அது நமக்குக் காவலா, சுவரில் விட்ட ஓட்டையா என்று இத்தனை வருடம் நடத்திய எனக்கே புரியவில்லை.

நாளை கேள்வித்தாளைக் கொடுக்க வேண்டும். இதை முதலில் படிக்கப்போகிறவருக்கு விடை தெரிந்தால் ஓரத்தில் எழுதட்டும். தெரியாவிட்டால், நீங்களே வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி