இரண்டு நான்காம் அத்தியாயங்கள்

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

இருபத்து மூன்று வருடம் கழித்து என்னிடமிருந்து இவ்வளவு தடித்த உறை வந்தால் உனக்குப் பகீரென்றுதான் இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் நலம். மகள் வேலைக்குப் போகிறாள். உன் முகவரியை அவள்தான் எங்கோ தேடிப் பிடித்துக் கொடுத்தாள். நீயும் உன் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன்.

நான் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறேன். நோயாளிகளின் பழைய கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் பிரிவுக்கு இப்போது நான் பொறுப்பு, முன் மேசையில் உட்காருவதும் நான்தான். நாற்பத்தொன்பது வயதில், வேலையை விடாமல், மருத்துவமனை நிர்வாகத்தில் இன்னொரு முதுகலை படிக்கிறேன். சிரிக்காதே. மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் ஏன் திரும்பி வருவதில்லை என்பது என் ஆய்வு. இருபதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். நான் சொல்லும் காரணத்தை வைத்துத்தான் எங்கள் நிர்வாகம் ஏற்பாடு செய்யப்போகிறது. தப்பாகச் சொன்னால், காலில் புண்ணோடு போனவர்கள் வராமலே இருந்துவிடுவார்கள்.

நான் படிக்கும் துறையில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. எழுதியதை முதலில் செயற்கை நுண்ணறிவுக்குக் காட்ட வேண்டும். அது படித்துக் கருத்துச் சொல்லி, மேலே பச்சையோ மஞ்சளோ சிவப்போ ஒரு பொட்டு வைக்கும். பச்சை விழுந்தால்தான் வழிகாட்டி பார்ப்பார். பார்ப்பது என்றால் பொட்டைப் பார்ப்பது. கூடப் படிக்கிற பிள்ளைகள் அதற்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதனால் பயனே இல்லை என்று சொன்னால் பொய். மறந்துபோன புள்ளியியலை எனக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தது அதுதான். ஒரே சந்தேகத்தை ஏழு தரம் கேட்டேன். ஏழு தரமும் பெருமூச்சு விடாமல் விளக்கியது. நீ இரண்டாம் தரமே புத்தகத்தை மூடிவிடுவாய்.

ஆனால் நான்காம் அத்தியாயத்தில், அதாவது முடிவு சொல்கிற இடத்தில், எனக்கு வெறுத்துவிட்டது. தூரம்தான் காரணம், வேன் விட வேண்டும் என்று எழுதினேன். பச்சை. தெளிவான வாதம் என்று பாராட்டு வேறு. எனக்குச் சந்தேகம் அரித்தது. அதே அட்டவணைகளை வைத்துக்கொண்டு, தூரம் காரணமே இல்லை, தேதியை மறந்துவிடுகிறார்கள், போன் செய்து நினைவுபடுத்தினால் போதும் என்று இன்னொரு நான்காம் அத்தியாயம் எழுதினேன். அதற்கும் பச்சை. அதுவும் தெளிவான வாதமாம்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். இருபத்தாறு பேருக்கு வழிகாட்ட வேண்டியவர், பாவம். மேசையில் சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது, தொடக்கூட நேரமில்லை. இரண்டின் முதல் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டுமே பச்சைதானே மேடம். உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதையே குடுத்துடுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தை மாடிப்படியில்தான் இறக்கி வைத்தேன்.

மகளிடம் புலம்பினேன். திட்டச் சொன்னால் அது திட்டும், நீ கேட்கிற விதம்தான் சரியில்லை என்றாள். கேட்டேன். இரண்டு அத்தியாயத்துக்கும் ஒன்பது ஒன்பது குறைகளை மரியாதையாக எடுத்துக் கொடுத்தது. எல்லாம் உருப்படியான குறைகள்தான். ஆனால் நான் பயந்துகொண்டிருந்த குறை அதில் இல்லை. இருக்கவும் முடியாது. நான் அதனிடம் காட்டியது அட்டவணையை மட்டும்தான்.

இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வராமல் நின்றுபோன அறுபத்திரண்டு பேருக்கு நானே போன் செய்து காரணம் கேட்டேன். முப்பத்தெட்டாவது ஆள் ஒரு தச்சர். பல்கலைக்கழகத்திலிருந்து பேசுவதாகத்தான் சொல்லியிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தூரமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பைல் எடுத்துக் குடுக்கற எடத்துல ஒரு உம்மணாமூஞ்சி உக்காந்திருக்கும். அட்டை எங்கன்னு கேக்கும். வீட்லயே வெச்சிட்டேன்னு சொன்னா அது பாக்கற பார்வை இருக்கே, அதுக்குப் புண்ணோடயே இருந்துக்கலாம்."

அந்தப் பெயரை எனக்கு முதலில் வைத்தவள் நீ. கல்லூரி விடுதிக்கு நான் வந்து சேர்ந்த மூன்றாம் நாளே வைத்தாய்.

நான் அவருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவரோடு சேர்த்துப் பதினோரு பேர் என் பிரிவைத்தான் சொன்னார்கள். ஒருத்தி அழுதாள். பதினோரு பேரையும் அட்டவணையின் கடைசி வரியில், 'இதர காரணங்கள்' என்று போட்டு மூடிவிட்டேன். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆமாஞ்சாமியும் கேட்கவில்லை, வழிகாட்டியும் கேட்கவில்லை.

அன்று என் முதல் ஆய்வேட்டின் ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியது நினைவிருக்கிறதா? "இதில் எதை விட்டுவிட்டாய்?" அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதற்குத்தான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன். கல்யாணத்துக்குக்கூட அழைக்கவில்லை. நீ கேட்டது சரி என்று அப்போதே தெரியும், அதனால்தான் அவ்வளவு கோபம்.

இரண்டு நான்காம் அத்தியாயங்களையும், அறுபத்திரண்டு பேரின் குறிப்புகளையும் இதனுடன் வைத்திருக்கிறேன். அவர்களுடைய பெயர்களை அடித்துவிட்டேன். மூன்றாவதாக ஒரு நான்காம் அத்தியாயம் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. யாரும் கேட்காதபோது நானாகவே எழுதும் துணிச்சல்தான் இல்லை. இருபதாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. பாராட்டு ஒரு வரிகூட வேண்டாம், கட்டுக்கட்டாக இங்கே இருக்கிறது. பென்சிலை எடுத்து, ஓரத்தில் பழைய கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பு. இந்தத் தரம் பதில் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் உம்மணாமூஞ்சி