இரண்டு கரண்டி சீனி

மார்ச் 3, திங்கள்
தம்பி டிலுக்ஷன் தூங்கிவிட்டான். அம்மாவும்தான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டம் முழுக்க இன்று மழை. போத்தல் இன்னும் அவன் வாயில் இருக்கிறது. அவன் தூங்கினால்தான் நான் இதை எழுத முடியும். அதனால் அவன் பால்தேத்தண்ணியில் தினமும் இரண்டு கரண்டி சீனி கூடப் போடுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

மார்ச் 5, புதன்
அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது தம்பியை விடும் பிள்ளைக்காம்பராவுக்கு இன்று பல் மிஸ் வந்தாராம். தம்பியின் மேல் பற்களில் வெள்ளைக் கோடு. அரிக்கத் தொடங்கிவிட்டதாம். அவனுக்கு இரண்டரை வயதுதான்.

அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் வீரம்மா அக்காவிடம் அம்மா நேரே போனார்.

"பிஸ்கட்டா குடுத்து எம் புள்ள பல்லக் கெடுத்துட்டீங்க."

"கடலையத் தவிர ஒன்னும் குடுக்கிறதில்ல தங்கச்சி. வெத்தல போட்டு நான் கெடுத்த பல்லுன்னா அது ஏம் பல்லுதான்."

யாரும் சிரிக்கவில்லை. நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 6
இன்றும் போட்டேன். போடாவிட்டால் அழுவான். அழுதால், ஏன் அழுவுறான்னு அம்மா கேப்பாங்க. என்ன சொல்ல?

மார்ச் 9, ஞாயிறு
தம்பியை இனி பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பமாட்டாராம் அம்மா. வெள்ளிக்கிழமை அங்கேதான் மிஸ் வந்து பல்லுக்கு மருந்து பூசுவார். பூசினால் கோடு ஓட்டையாகாதாம். எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. இவனுக்கு மட்டும் இல்லை — என்னால.

வழியில் பார்த்த வீரம்மா அக்கா, பிள்ளைக்காம்பராவில் கிடந்த தம்பியின் துண்டைத் துவைத்து, மடித்துக் கொடுத்தார். "தொர சாப்பிடுறாரா?" என்று அவனைப் பற்றிக் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 12, புதன்
சொல்லிட்டேன். அடிப்பாங்கன்னு நெனச்சேன். அம்மா போத்தலை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"எதுக்குடி?"

தூங்கத்தான் என்றேன். எழுதுவதைச் சொல்லவில்லை.

"ஒன்னையும் நான் அப்புடித்தான் தூங்க வச்சேன். எங்க, வாயத் தொற."

விளக்கைப் பிடித்து என் கடைவாய்ப் பல்லின் ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தம்பியின் துண்டை எடுத்துக்கொண்டு வீரம்மா அக்கா வீட்டுக்குப் போனார். வெறும் கையோடு திரும்பி வந்தார்.

மார்ச் 14, வெள்ளி
தம்பிக்குப் பூசியாச்சு. மிஸ்ஸின் விரலைக் கடித்துவிட்டானாம். மிஸ் யாழ்ப்பாணம். "கடிக்கிற பல்லை வச்சுக் காப்பாத்துவம், பயப்பிடாதேங்கோ. இரவில போத்தலில தண்ணி மட்டும் குடுங்கோ. படுக்க முந்திப் பல்லுத் தீட்டி விடுங்கோ" என்றாராம். அம்மா அதே மாதிரி பேசிக் காட்டினார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பல் கிளினிக்கில் எனக்கு முறை.

மார்ச் 15
தண்ணிப் போத்தலை என் மேல் எறிந்தான். ஒரு மணி நேரம் அழுகை. இவ்வளவுதான் எழுத முடிந்தது.

ஏப்ரல் 2, புதன்
என் பல்லை அடைத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அவ்வளவாக வலிக்கவில்லை. தம்பி இப்போது போத்தல் கேட்பதில்லை. பல் விளக்கிவிட்டதும் வந்து படுத்து, என் வலது கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். எடுத்தால் முழித்துவிடுவான்.

எழுத்து கோணலாக இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன்.