டீ ஆற்றிய விரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவதென்று முடிவு செய்துதான் பேனாவை எடுத்தேன். நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தால் இந்தப் பருவம் முழுவதும் வேதியியல் ஆய்வகம் பூட்டியே கிடந்தது. நாங்கள் சும்மா இருக்கவில்லை. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பரிசோதனைக்கு ஒத்திகையாக, விடுதி அறையில் டம்ளரில் தண்ணீர் வைத்து, டீயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தைப் பிடிக்கப் பழகினோம். கலக்குவதற்கு விரல்தான்.

வேலைநிறுத்தம் முடிந்த கையோடு நேற்று திடீரென்று செய்முறைத் தேர்வு வைத்தார்கள். பழக்க தோஷத்தில், அமிலம் இருந்த பீக்கருக்குள்ளும் விரலை விட்டுவிட்டேன்.

"என்னம்மா, டீ ஆத்துறியா?" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள்.

"லேப் திறந்திருந்தா கண்ணாடிக் குச்சி பிடிக்கப் பழகியிருப்பேன் சார்."

"வாய் மட்டும் நல்லா பழகியிருக்கு. வெளிய போ."

எல்லாப் பரிசோதனைகளையும் எங்களுக்குச் செய்து காட்டியதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பவர் அவர். என்னைத் தோல்வி என்று எழுதியவரும் அவரே. மறுதேர்வு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் இதே வகுப்புதான்.

நீர்த்த அமிலம்தான், விரல் எரிச்சல் நேற்றே போய்விட்டது. "இனிமே ஸ்பூனால கலக்குவோம்டி" என்கிறாள் அறைத்தோழி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்ப முடியுமா? துவைக்காமலே அனுப்புங்கள். இங்கே குளிரெல்லாம் இல்லை.

மறுதேர்வுக்கான மனுவைத் துறைத்தலைவரிடம் நாளை கொடுக்க வேண்டும். துறைத்தலைவரும் அந்தப் பேராசிரியர்தான். எப்படி எழுதினாலும் மன்னிப்புக் கேட்பதுபோலவே வருகிறது. விடுதிப் படிப்பறையில் விளக்கை அணைக்கப் போகிறார்கள், இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்