பின்னாலிருந்து வந்த கேள்வி

என் வீட்டு வக்கீலம்மாவுக்கு,

நான் நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. நம் ஊர்க்காரன் ஒருவனைக் கம்பெனியில் இன்ஜினியராக எடுக்கிறார்கள். அவன் தயங்கினான். அவனிடம் தமிழில் பேசி மனதைக் கரைக்கச் சொல்லி, ஆள் எடுக்கும் அதிகாரி என்னை வீடியோ காலில் உட்கார வைத்தார். நானும் ஆபீஸ், காபி மெஷின் என்று அளந்துகொண்டிருந்தேன். திடீரென்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"என் விசா எப்ப வரும்னு கேளுங்க. மழுப்பினா விடாதீங்க!"

அச்சு அசல் நீதான்.

"சீக்கிரம் வரும்" என்று சொல்லத்தான் எனக்கு உத்தரவு. உன் விசாவுக்கும் அதைத்தானே சொன்னார்கள்? இப்போது போய்க் கேட்டால், கேட்கிற நான்தான் தொல்லை. ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு விசாவும் கைக்கு வராம பிளேன் ஏறாதீங்கம்மா."

பக்கத்தில் அதிகாரி, ஒன்றும் புரியாமல் சிரித்துத் தலையாட்டினார்.

இன்று அவன், வேலைக்கு வரப்போவதில்லை என்று கம்பெனிக்கு எழுதிவிட்டான். காரணம் என்று நான் சொன்னதையே போட்டு மாட்டிவிட்டான், புண்ணியவான். பயப்படாதே, தலையையா வாங்கிவிடுவார்கள்?

அதிகாரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். தலையணை உறை இரண்டு அனுப்பு. ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு என்று குறுக்கு விசாரணை செய்யாதே. கம்பெனி கொடுத்த கட்டிலில் தலையணை இரண்டு கிடக்கிறது.

உன்னவன்