மூக்கில் வைத்த ஈயம்

ஏலே,

இன்று மீன்வலைக்கடைக்குப் போயிருந்தேன். உன் கிளைடரின் மூக்கிலிருந்த ஈயக்குண்டுகள் மணலில் விழுந்து தொலைந்துவிட்டன. "ரெண்டு குண்டு போதும் அண்ணாச்சி" என்றேன். "ரெண்டா? குட்டையில வலை போடப் போறியளா?" என்று சிரித்தார். குண்டு உள்ளங்கையில் கனத்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது.

துபாயிலிருந்து திரும்புகிறவர்கள் டிவி கொண்டுவருவார்கள். நீயோ எஞ்சினே இல்லாத ரிமோட் விமானத்தை இறக்கை கழற்றிப் பெட்டியில் கொண்டுவந்தாய். "கடல்காத்து மேட்டுல முட்டி மேல ஏறும்லா, அது போதும் இதுக்கு" என்றாய். மணப்பாட்டு மேட்டில் நின்று, இறக்கைக்கடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி, வால் தாழ்ந்தால் மூக்கில் ஈயம் திணிப்பாய். துறைமுகத்தில் டன் கணக்கில் சரக்கு எழுதுகிற எனக்கு, ஒரு துளி ஈயத்துக்கு நீ படும் பாடு பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ரிமோட்டை என்னிடம் தரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: "என்ன ஆனாலும் அதுல இருந்து கண்ண எடுக்காதலே." ஒருமுறை உன் பக்கம் திரும்பிப் பதில் சொல்லப்போய் அதை உடைமரத்தில் செருகினேன். ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை.

அன்றைக்கும் ரிமோட்டை நீட்டினாய். "கொஞ்சம் புடி, ஒரு நிமிசம் உக்காந்துக்கிடுதேன்."

நல்ல காற்று. முதன்முறையாக அது என் சொல்பேச்சு கேட்டது. பின்னாலிருந்து, "நல்லாத்தாம்லே ஓட்டுத" என்றாய். பாராட்டே வராத வாய்! பூரித்துப்போனேன். ஆனால் திரும்பவில்லை. கால்மணி நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. அலுங்காமல் இறக்கிவிட்டு, "பாத்தியாலே?" என்று திரும்பினேன்.

நீ மணலில் சாய்ந்து கிடந்தாய். சேசுவே! ஆம்புலன்ஸ் வரும்வரை உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தத்தான் முடிந்தது என்னால்.

"கடைசியா என்ன சொன்னாவ, அண்ணே?" என்று உன் மனைவி கேட்டாள். நீ சொன்னதைச் சொன்னேன். அப்போது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. முன்னமே திரும்பியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்னலே செய்ய?

புது ஈயத்தைத் திணித்து இரண்டு விரலில் நிறுத்திப் பார்த்தேன். மட்டமாக நிற்கிறது. நாளை மேட்டுக்குப் போவேன். ஆனால் இப்போதெல்லாம் பின்னால் யார் ஒரு வார்த்தை பேசினாலும் சட்டென்று திரும்பிவிடுகிறேன். போன வாரம் அப்படித்தான் உன் கிளைடர் மூக்குக் குத்தி விழுந்து, ஈயம் தொலைந்தது.

திட்டணும்னா திட்டுலே.