எறும்பு செத்த பால்

அன்புள்ள அத்தானுக்கு,

நம் மகன் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறான். குடித்தது வயிற்றிலேயே இருக்கிறது! பட்டாளத்தில் இருக்கும் உங்களைக் கலங்கடிக்க வேண்டாமென்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

சில வாரங்களுக்கு முன்பு, குடித்த பாலையெல்லாம் பீய்ச்சியடித்து வாந்தியெடுத்தான். உடனே மறுபடி பசித்து அழுதான். உங்கள் அம்மா என் பாலில் ஓர் எறும்பை விட்டுப் பார்த்தார்கள். அது செத்துப்போனது. "ஒம் பாலு புள்ளைக்கு ஆவலடி, நிறுத்திடு" என்றார்கள். கல்லூரியில் படித்த நானும் நம்பி நிறுத்தினேன். பதிலுக்குக் கொடுத்த கழுதைப்பாலையும் கக்கினான். எலும்பும் தோலுமாகிவிட்டான்.

திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே டாக்டரம்மா என்னை மறுபடி பாலூட்டச் சொல்லி, அவன் குடிக்கும்போதே வயிற்றைத் தடவிப் பார்த்தார். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"இரைப்பை வாசல்ல சதை தடிச்சு வழிய அடைச்சிருக்கு. கீறி விட்டா பால் எறங்கிடும். தாய்ப்பால்ல குத்தமே இல்ல."

"அப்ப எறும்பு ஏன் செத்துச்சு?" உங்கள் அம்மா விடவில்லை.

"பாலுல முக்குனா நானுந்தான் செத்துருவேன்மா!"

கீறி முடிக்கும்வரை ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நானும் உங்கள் அம்மாவும் ஒரே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இன்று உங்கள் அம்மாவின் மடியில் தாராளமாக வெளிக்குப் போய்விட்டான். புடவையை மாற்றச் சொன்னேன்.

"இருக்கட்டும்டி, ஒம் பாலுதான" என்றார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன் பசித்து எழக் காத்திருப்பவள்