தண்ணீர் வற்றாத தை

தை (ஜனவரி) 10, சனி

தூறல். வல்லை வெளியில், நீரேரிக் கரையில் கொஞ்ச நேரம். ஊசிவால் வாத்து கூட்டம் கூட்டமாக. பவளக்காலி சில. பூநாரை இல்லை.

நாளை அவர் கனடாவிலிருந்து வருகிறார். கலியாணம் முடிந்தபின் இதுதான் முதல் வரவு. லீவைத் தையில் எடுக்கச் சொன்னவள் நானே, பூநாரை காட்ட. ஒருமுறை பார்த்தால் திரும்பிப் போக மனம் வராது என்று ஒரு நினைப்பு. பைத்தியம். அடித்து ஊற்றிய மழையில் நீரேரி நிரம்பிக் கிடக்கிறது. சேறு தெரிந்தால்தான் பூநாரை இறங்கும்.

வாங்க: பால்மா, நுளம்புக் கடிக்குத் திரி, பைனாகுலர் துடைக்கத் துணி.

தை 15, வியாழன்

பொங்கல். நல்ல வெயில். பின்னேரம் சந்நிதி கோயில். தொண்டைமானாற்று அணைக் கதவைப் பூட்டிவிட்டார்கள், நீரேரியின் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகாமல். தோட்டக்காரருக்குச் சந்தோஷம். நான் தண்ணீர் வற்ற வேண்டுமென்று கும்பிட்டேன். பக்கத்தில் அப்பா, வெங்காயத்துக்காக வற்றக் கூடாதென்று. முருகன் பாடு திண்டாட்டம்.

தை 18, ஞாயிறு

அவரும் நானும் மோட்டார் சைக்கிளில் வல்லை. எதிர்க்காற்று. வாத்து, கொக்கு, ஆலா.

"உம்மடை பூநாரையளுக்கு விசா கிடைக்கேல்லையோ?"

"நீங்கள் லீவைக் கூட்டேலாதோ?"

"வேலை போயிடும். உமக்குத்தானே பேப்பர் எல்லாம் சரி வந்திட்டுது. பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வாருமன்."

வீடு வரைக்கும் அவர் முதுகோடு சாய்ந்திருந்தேன். ஹெல்மெட் இடித்தது.

தை 24, சனி

நேற்றுப் போய்விட்டார். இன்று பண்டத்தரிப்பு பஸ்ஸில், பின்சீட்டில் இரண்டு பெண்கள்.

"உந்த ரீச்சர் ஏன் இன்னும் புருசனட்டைப் போகேல்லை?"

"கொக்குப் பாக்கிறாவாம்."

திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பும் வந்தது. அவர் இல்லாமல் வீடு பிடிக்கவில்லை. எழுதிப் பார்த்தேன், உண்மைதான்.

தோட்டத்தில் பஞ்சுருட்டான், கம்பியில் வரிசையாக.

மாசி 22, ஞாயிறு

விடியப்புறம் பனி. வல்லையில் தண்ணீர் வற்றிவிட்டது. சேறு முழுக்கப் பூநாரை. கடவுளே, இப்போதா! உடனே வீடியோ கோல். அங்கே இன்னும் சனி இரவு, வேலை முடிந்து பஸ்ஸில் அவர்.

"பாருங்கோ, பாருங்கோ!"

"ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. சரி, உம்மைக் காட்டும்."

போனைத் திருப்பினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். களைத்த முகம். பறவைகள் என் முதுகுப் பக்கம் கத்திக்கொண்டிருந்தன.

"இந்தத் தவணை முடிய வாறன்" என்றேன்.

"எங்கை?"

"உங்களட்டை."

பிறகு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது: "அழாதேங்கோ, பஸ்ஸிலை ஆக்கள் பாக்கினம்."

பூநாரையை எண்ணாமலே வந்துவிட்டேன்.